நகராத செல்கள்

அத்தியாயம் 6

"ஜன்னல் கிடையாது. ஒரே கதவு. கதவுக்குப் பூட்டு, பூட்டுக்கு அரக்கு, அரக்கு மேல கையெழுத்து" என்று விரல் மடக்கினான் பிரஹலாத். "உள்ள போனவனும் இல்ல, வெளிய வந்தவனும் இல்ல. இப்படி ஒரு ரூம் நம்ம கைக்குச் சிக்காதான்னு எத்தனை நாளா ஏங்கிட்டிருந்தேன் மேடம்! சிக்கிடுச்சு. பொணம்தான் இல்ல."

"வெளிய வந்தவன் இல்லைங்கிறதுதான்டா இங்க புகாரே" என்றார் ஷரபுன்னிசா.

பூமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியின் தரைத்தளத்துக்கும் கீழே இருந்த அந்தச் சின்ன அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் கழுத்தோரம் வியர்த்தது. நான்கு வருஷமாகத் தினமும் வந்து போன அறைதான். இன்றைக்கு அதன் சுவர்கள் ஒரு முழம் உள்ளே நகர்ந்து வந்துவிட்ட மாதிரி இருந்தது.

நாளைக் காலை விசாரணைக் கமிட்டி தன் முடிவைச் சொல்லப்போகிறது. 'ஆராய்ச்சி மாணவி பூமா வெளியிட்ட படங்கள் பொய்' என்று அது எழுதிவிட்டால் பட்டம் போகும், உதவித்தொகை போகும். அதற்கப்புறம் எந்தக் கல்லூரியும் அவளை வாசலில்கூட நிற்க விடாது. வழிகாட்டிப் பேராசிரியர் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

வேறு வழி தெரியாமல்தான் இவர்களைத் தேடிப் போனாள். ஷரபுன்னிசா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்த கடை, ஆற்றில் முங்கிய லாரி, செத்துவிட்டதாகச் சொல்லப்பட்டு வேறொரு சந்தையில் விலைபோன மாடு, இதையெல்லாம் விசாரித்தே தலை நரைத்தவர். இப்போது பெரிய கடைவீதியில் ஒரு வளையல் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். பிரஹலாத் அவருடைய உதவியாளன். வாய் மூடாத உதவியாளன்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார் ஷரபுன்னிசா. "எனக்குப் புரியற மாதிரி. பத்தாவதுல சயின்ஸ்ல என்னை அல்லாதான் காப்பாத்தினான்."

"கோழி முட்டையை இன்குபேட்டர்ல ரெண்டு நாள் வைப்போம் மேடம். மஞ்சக்கரு மேல கரு தெரியும், அரிசி நீளத்துக்கு. அதோட முதுகுல ஒரு தண்டு இருக்கும். அதுலேர்ந்து துளியூண்டு வெட்டி எடுத்து, டிஷ்ல வச்சு, ஊட்டம் குடுத்து வளர்ப்போம். கருவை விட்டுப் பிரிச்சு வச்சாலும் அந்தத் துண்டு தன் வேலையைச் செய்யும். அதோட ஓரத்துல இருக்கிற செல்கள் ஒவ்வொண்ணா பிரிஞ்சு, டிஷ் தரையில ஊர்ந்து, நாலாப் பக்கமும் கிளம்பிப் போகும்."

"எங்க போகுது?"

"உடம்புக்குள்ள இருந்தா தோலுக்கு நிறம் குடுக்க ஒரு கூட்டம் போகும். நரம்பாக ஒரு கூட்டம். குடலுக்கு ஒரு கூட்டம். மனுஷக் குழந்தைக்கும் இதேதான். குடலோட கடைசி வரைக்கும் போகாம இதுங்க பாதியில நின்னுட்டா, பொறந்த குழந்தைக்கு மலம் இறங்காது. அறுத்துத்தான் சரி பண்ணணும். ஏன் நிக்குது, எது நிறுத்துதுன்னு பாக்கத்தான் இந்த டிஷ்."

"பொறந்த ஊரை விட்டுக் கிளம்பற முதல் கல்ஃப் பார்ட்டி" என்றான் பிரஹலாத். "இந்த பேட்ச் மட்டும் ஏர்போர்ட்டுக்கே வரலை."

"வாயை மூடு. நீ சொல்லும்மா."

பூமா சொன்னாள். அவள் எடுத்த படங்களில் செல்கள் அழகாக விரிந்து போயிருந்தன. வேறெங்கோ யாரோ செய்து பார்த்தார்களாம், வரவில்லையாம். உடனே ஒரு மொட்டைக் கடுதாசி: எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்த படம் என்று. கமிட்டி போட்டார்கள். எங்கள் கண் முன்னால் மறுபடி செய்து காட்டு என்றார்கள். ஆனால் நீ தொடக்கூடாது என்றார்கள். தாவரவியல் துறை ஆசிரியர் ரெஜிஸ்தான் முட்டையை உடைத்தார், வெட்டினார், டிஷ்ஷில் வைத்தார். பூமா கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அறைக்கு அரக்கு வைத்தார்கள். நேற்று எல்லார் முன்னாலும் திறந்து பார்த்தபோது வெட்டி வைத்த துண்டுகள் வைத்தது வைத்தபடி கிடந்தன. சுற்றிலும் வெறும் தரை. ஒரு செல்கூட வெளியே வரவில்லை.

"ரெஜிஸ் ஆள் எப்படி?"

"நல்லவர் மேடம். வாழைத் திசு வளர்க்கிறவர். நான் எழுதிக் குடுத்த முறையில ஒரு எழுத்து மாறாம பண்ணினார்."

"ம். காலையில பார்த்தேன். பயந்து போயிருக்காரு. வெட்டறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவை வாட்ஸப்ல அனுப்பினாரு." ஷரபுன்னிசா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை மூக்கருகில் பிடித்தார். "எனக்கு இதுல ஒண்ணும் புரியலை. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது ஏன் என்னையே முறைக்குது?"

"எது மேடம்?"

"இதோ இந்தக் கறுப்புப் பொட்டு. கண்ணுதானே இது?"

பூமா போனை வாங்கினாள். பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். 

"மேடம், இது ரெண்டு நாள் கரு இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"ரெண்டு நாள்ல கண்ணு இருக்கும், ஆனா வெறும் கண்ணாடி மாதிரி. கறுப்பே இருக்காது. கறுக்கணும்னா மூணரை நாளாவது ஆகணும். இது ரொம்ப முத்தினது. இந்த வயசுல முதுகுத் தண்டுல நான் தேடற செல்கள் இருக்காது. முட்டைக்குள்ளயே எப்பவோ கிளம்பிப் போயிருக்கும்."

"காலி பண்ணிட்டுப் போன வீட்டுக் கதவைத் தட்டியிருக்காங்க" என்றான் பிரஹலாத். "ஆள் வரலைன்னதும், இந்த வீட்ல ஆளே இருந்ததில்லைன்னு எழுதப் போறாங்க."

"ரெஜிஸுக்கு இது தெரியலையா?"

"அவருக்கு முட்டையே புதுசு மேடம். நான் எழுதிக் குடுத்தது மணிக்கணக்கு மட்டும்தான். எனக்கு நேரமே வேண்டாம். கருவோட முதுகோரத்துல முடிச்சு முடிச்சா இருக்கும், அதை எண்ணினா வயசு தெரியும், எண்ணித்தான் வெட்டுவேன். கை பழகிடுத்து. அதை எழுதணும்னு எனக்குத் தோணலை."

ஷரபுன்னிசா எழுந்துவிட்டார்.

"முட்டை யார் குடுத்தது?"

"உறையூர்ல பஷீர் அகமதுன்னு ஒருத்தர்."

"வண்டியை எடுடா."

* * *

ஷரபுன்னிசாவின் பழைய மாருதியில் கண்ணாடி இறங்காது. ஏ.சி. பெயருக்கு ஊதியது. தில்லை நகர் சிக்னலில் முன்னால் ஒரு டவுன் பஸ், பின்னால் ஒரு தண்ணி லாரி. சித்திரை வெயில் கூரையில் உட்கார்ந்து அழுத்தியது.

"இந்த வண்டிக்கும் ஒரு அரக்கு வச்சுடலாம் மேடம்" என்றான் பிரஹலாத், சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தபடி. "உள்ள நாமளும் குஞ்சு பொரிச்சுடுவோம்."

பின் சீட்டில் பூமாவின் போன் அதிர்ந்தது. அம்மா.

"எங்கடி இருக்கே? சாயங்காலம் சீக்கிரம் வரேன்னியே."

"காலேஜ்லதாம்மா. கம்ப்யூட்டர்ல வேலை. வந்துடறேன்."

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். முன் சீட்டிலிருந்து ஷரபுன்னிசா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்துல தெரியாது மேடம்" என்றாள் பூமா. "நான் என்ன பண்றேன்னு. கம்ப்யூட்டர்ல படம் பாக்கற வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். பாதி நிஜம்தான். மீதி முட்டை."

"நாலு வருஷமாவா?"

"நாலு வருஷமா."

"எங்க வீட்ல நான் ஆம்லெட் சாப்பிட்டது நாலே நாள்ல தெரிஞ்சுது" என்றான் பிரஹலாத். "நானும் உங்களை மாதிரி ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில பொறந்தவன்தாங்க. இப்ப கே.கே. நகர்ல இருக்கேன். நாடு கடத்தல்."

பஷீர் அகமதுவின் கடை உறையூர் பஸ் ஸ்டாப் பக்கத்துச் சந்தில் இருந்தது. முன்னால் கறிக்கோழி. பின்னால் ஒரு கொட்டகையில் அடை வைப்பதற்கான முட்டை. மனிதர் ஷரபுன்னிசாவைப் பார்த்ததும் சலாம் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொள்வார் போல ஆகிவிட்டார்.

"முத்தின முட்டையா? நான் குடுத்ததா? அக்கா, முப்பது வருஷமா முட்டை குடுக்கறேன். வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க."

"உங்களைச் சொல்லலை பஷீர். கேக்கத்தான் வந்தேன்."

"கேளுங்க. அன்னைக்குக் காலையில போட்ட முட்டை அது. கமிட்டிக்காரங்க ரெண்டு பேர் வந்து கூண்டுகிட்டயே நின்னு பார்த்தாங்க. கோழி முட்டை போடறதை அவ்ளோ மரியாதையா நின்னு பார்த்தவங்களை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை. அந்தக் கோழியே வெக்கப்பட்டுடுச்சு."

பிரஹலாத் முதல்முறையாக ஒரு போட்டியாளரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தான்.

"அப்புறம்?"

"தெர்மாகோல் பெட்டியில அடுக்கினேன். மூடி மேல டேப் ஒட்டி, அவங்களே கையெழுத்துப் போட்டாங்க. இன்குபேட்டர்ல வைக்கிற வரைக்கும் ஈர மணல் மேல வைங்க, இல்லாட்டி ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சூடு பட்டா உள்ள வளர ஆரம்பிச்சுடும்."

"பெட்டி இருக்கா?"

"பியூன் கொண்டாந்து குடுத்தான். நான் பெட்டியைத் தூக்கிப் போடறதில்லை."

கொட்டகைக்குள்ளிருந்து எடுத்து வந்தார். மூடியில் டேப் ஒழுங்காக ஒட்டி, கையெழுத்தின் நடுவே பிளேடால் கீறித் திறந்திருந்தது. அதற்கு முன் யாரும் கை வைத்த அடையாளம் இல்லை. ஷரபுன்னிசா மூடியைப் பார்க்கவே இல்லை. பெட்டியைக் கவிழ்த்தார்.

வெள்ளை அடிப்பாகத்தில் கறுப்பாக, வரிவரியாக, தூசி அப்பியிருந்தது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோடுகள். இடையிடையே சின்னச் சின்ன ஓட்டைகள்.

"இந்த ஓட்டை?"

"காத்துக்குங்க. முட்டை மூச்சு விடணுமே. நான்தான் குத்துவேன்."

"இந்தக் கோடு?"

பஷீர் தலையைச் சொறிந்தார். "இது நான் குடுக்கறப்போ இல்லை."

"வரிக்குதிரை முட்டை போட்டிருக்கும் மேடம்" என்றான் பிரஹலாத்.

ஷரபுன்னிசா ஒரு கோட்டின் மேல் விரலை ஓட்டி, விரல் நுனியைப் பார்த்தார். ஈரப்பசையே இல்லாத, பொடிப் பொடியான தூசி.

"மணல் மேல இருந்திருந்தா மண் ஒட்டியிருக்கும். இது காத்தடிச்சு ஒட்டின தூசி. அடியிலேர்ந்து எதுவோ ஊதியிருக்கு. பூட்டை உடைக்காம, டேப்பைக் கிழிக்காம, கையெழுத்தைத் தொடாம உள்ள போகக்கூடியவன் ஒருத்தன்தான் இருக்கான்டா. சூடு." பஷீர் பக்கம் திரும்பினார். "பெட்டி உங்ககிட்டேர்ந்து யார் கைக்குப் போச்சு?"

"கமிட்டித் தலைவர் கைக்குத்தான். ரங்கநாதன் சார். மறுநாள் ஸ்ரீரங்கம் தேரு, லோக்கல் ஹாலிடே, காலேஜ் பூட்டியிருக்கும், அதனால நானே வச்சுக்கறேன், வேற யார் கையும் படக்கூடாதுன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரு. தேருக்கு மறுநாள்தான் காலேஜ்ல சேர்த்தாரு."

பூமா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா?"

"ரங்கநாதன் சார் ஆத்து மாடியிலதான் நாங்க குடியிருக்கோம்."

பிரஹலாத் மெதுவாகச் சொன்னான்.

"சித்திரை வீதி ரங்கநாதன் சாரா? மேடம், அவர் ஆத்து வாசப்படியை வெங்காயமே தலையைக் குனிஞ்சுண்டுதான் தாண்டும். முட்டை தாண்டவே தாண்டாது. ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்க சான்ஸே இல்லை."

"அப்ப வாசப்படிக்கு வெளிய வச்சிருக்காரு" என்றார் ஷரபுன்னிசா. "வெளிய என்னம்மா இருக்கு?"

பூமாவுக்குக் கண் முன்னால் எல்லாம் வந்தது. வீட்டுக்கு வெளியே, வாசலையொட்டி மாடிப்படி. படிக்கு அடியில் சாரின் ஸ்கூட்டர். கால் கழுவ ஒரு குழாய். அதையொட்டி, தகரப் பெட்டியில், எப்போதும் முனகிக்கொண்டிருக்கும் அது. அதன் மேல்பக்கம் முழுக்க நீளநீளமாகக் காற்றுப்போக்கிகள். தேர் அன்றைக்கு வீடு கொள்ளாமல் உறவுக்காரர்கள். படிக்கு அடியில் செருப்பும் பையும் மூட்டையும். அந்தக் குவியலில் வெள்ளையாக ஒரு பெட்டியையும் பார்த்தாளே! யாரோ கொண்டு வந்த பட்சணம் என்று தாண்டிப் போனாளே!

"இன்வெர்ட்டர்" என்றாள்.

"தேர் வர்றப்போ வீதியில கரண்ட்டை நிறுத்திடுவா" என்றான் பிரஹலாத். "காலம்பற பூரா இன்வெர்ட்டர் ஓடியிருக்கும். கரண்ட் வந்ததும் ராத்திரி பூரா சார்ஜ் ஏறியிருக்கும். தோசையே வார்க்கலாம்."

ஷரபுன்னிசா பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "கிளம்பு."

"மேடம்." பூமா நகரவில்லை. "இதை இத்தோட விட்டுடலாமா?"

"ஏம்மா?"

"இந்தப் படிப்புல எனக்கு சீட் கிடைச்சதே அவர் சொல்லித்தான். அப்பா போனதுக்கு அப்புறம் அந்த மாடியை எங்களுக்கு விட்டதும் அவர்தான். இப்ப நான் போய் நின்னு, உங்க ஆத்துல முட்டை இருந்ததுன்னு சொன்னா வீதி பூரா தெரியும். அவர் மானம் போகும். எங்கம்மாவுக்கும் தெரிஞ்சுடும். சொன்னா வீடு போச்சு. சொல்லலைன்னா படிப்பு போச்சு."

ஷரபுன்னிசா அவளை அணைக்கவோ ஆறுதல் சொல்லவோ இல்லை.

"விட்டுடலாம். நாளைக்குக் காலையில அவங்க உன் பேரை எழுதுவாங்க. நீ ஆயுசு பூரா அந்த மாடியிலயே இருந்துக்கலாம்."

பூமா காரில் ஏறினாள்.

* * *

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. சித்திரை வீதித் தாரில் தேர்ச்சக்கரம் பதிந்த தடம் இன்னும் தெரிந்தது. யார் வீட்டு வாசலிலோ தோரணம் வாடிக் கிடந்தது. பூமா தன் வீட்டுக்கே திருடி மாதிரி நுழைந்தாள்.

மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது. பிரஹலாத் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியை அதன் மேல் வைத்தான். குனிந்து பார்த்தான். தகரத்தின் ஒவ்வொரு பிளவும் ஒரு கறுப்புக் கோட்டுக்கு நேராக நின்றது.

"மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் இவ்ளோ பொருத்தம் பார்த்ததில்ல மேடம்."

"யாரது?"

ரங்கநாதன் வாசற்படியில் நின்றார். பளிச்சென்று திருமண். ஆறு முழ வேட்டி. கல்லூரியில் அவர் நடந்து வந்தால் வராந்தா தானாகவே அமைதியாகும். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பூமா, இவா யாரு? அந்தப் பெட்டி எப்படி இங்க வந்தது?"

ஷரபுன்னிசா தன்னை அறிமுகம் செய்துகொண்டார். கண் கறுத்த கரு, எண்ணாமல் வெட்டிய முதுகு முடிச்சு, அடியில் விழுந்த கோடு, இன்வெர்ட்டர், தேர் அன்றைய மின்தடை, எல்லாவற்றையும் அடுக்கினார். குரலை உயர்த்தவில்லை. "முட்டையை நீங்க வீட்டுக்குள்ள கொண்டு போக முடியாது சார், அது எனக்குப் புரியுது. கைக்கெட்டின இடத்துல வச்சிட்டீங்க. அந்தப் பொண்ணோட நாலு வருஷம் அதுல வெந்து போச்சு."

ரங்கநாதனின் காதோரம் சிவந்தது.

"நான் இன்வெர்ட்டர் மேல வைக்கவே இல்லை. இதோ, இந்தக் குழாயடியில மணல் கொட்டி, நனைச்சு, அது மேலதான் வச்சேன். ஈரக் கோணி போட்டு மூடினேன். தேருக்குப் போறதுக்கு முன்னாலயும் தண்ணி தெளிச்சேன், வந்தும் தெளிச்சேன். ராத்திரி எழுந்து வந்து தெளிச்சேன். நம்மாத்துப் பொண்ணு, சலுகை காட்டிட்டேன்னு ஒருத்தர் வாயிலயும் வரக்கூடாது, அதே சமயம் இவளுக்கு அநியாயமும் நடந்துடக்கூடாதுன்னு குழந்தையைப் பாத்துக்கற மாதிரி பாத்துண்டேன். ரங்கன் சாட்சி."

குழாயடியில் மணல் இருந்தது. ஓரமாக ஒரு கோணியும் கிடந்தது.

ஷரபுன்னிசா மணலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ரங்கநாதனின் முகத்தைப் பார்த்தார். தன் உதட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டார். பொய் சொல்கிறவர்களை முகம் பார்த்தே கண்டுபிடிப்பவர் அவர். இந்த முகத்தில் பொய் இல்லை. பூமாவுக்குக் கிடைத்த ஒரே கதவும் சுவராகிவிட்டது.

"என்ன, வாசல்ல ஒரே பேச்சு?"

ரங்கநாதனின் மனைவி கோதா மாமி ஈரக்கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெட்டியைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அட, இந்தப் பெட்டி திரும்பி வந்துடுத்தா? இதைக் காப்பாத்தினதே நான்தான் தெரியுமோ?"

எல்லாரும் மாமி பக்கம் திரும்பினார்கள்.

"குழாயடியில வச்சுட்டு இவர் பாட்டுக்கு உள்ள வந்துட்டார். தேருக்கு வரவாள்ளாம் கால் அலம்பற இடம். மிதிச்சுட மாட்டாளோ? போறாக்குறைக்கு ஒரு பூனை வேற சுத்திச் சுத்திப் பிராண்டிண்டு இருந்தது. காலேஜ் சாமானாச்சேன்னு, வந்த அன்னிக்கு ராத்திரியே அடி மண்ணைத் துடைச்சு, தூக்கி இது மேல வச்சுட்டேன். இவர் எடுத்துண்டு போறச்சே நானே கையில எடுத்துக் குடுத்தேனே."

"கோணி?" என்றார் ரங்கநாதன்.

"அதைக் காயட்டும்னு, அந்த மணல்லயே குடத்தைக் கவுத்து அது மேல போட்டேன்."

"அப்போ நான் ராத்திரியெல்லாம் தண்ணி தெளிச்சது..."

"குடத்துக்கு" என்றான் பிரஹலாத்.

மாமி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன எல்லாரும் இப்படி நிக்கறேள்? அதுல அப்படி என்ன இருந்தது?"

ரங்கநாதன் தரையைப் பார்த்தார். பூமாவின் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னார்: "இங்க வேண்டாம். கமிட்டியில நான் எப்படியாவது பாத்துக்கறேன்." பிறகு மனைவியிடம் உரக்க, "ஏதோ மருந்து. சூடு பட்டுக் கெட்டுப் போயிடுத்து, அவ்வளவுதான்" என்றார்.

பூமா நிமிர்ந்தாள். மாடிப்படியின் உச்சியில் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

எப்படியாவது பார்த்துக்கொள்வார். பார்த்தும் கொள்வார். வீட்டுக்காரர் தயவில் தப்பித்தவள் என்று அதற்கப்புறம் எல்லாரும் சொல்வார்கள். அவள் டிஷ்ஷில் செல்கள் நகர்ந்தது நிஜமா என்று யாருக்கும் தெரியாமலே போகும். பெட்டி எங்கே இருந்தது என்று சொல்லக்கூடிய சாட்சி ஒருத்திதான். அந்தச் சாட்சிக்கே அதற்குள் என்ன இருந்தது என்று தெரியாது.

இது ஷரபுன்னிசா சொல்ல வேண்டியது இல்லை.

"மாமி" என்றாள் பூமா. "மருந்து இல்லை. அதுல கோழி முட்டை இருந்தது. அடைமுட்டை. எனக்காக வந்தது. நாலு வருஷமா நான் பண்ற ஆராய்ச்சி அதுலதான். தினமும் உடைக்கிறேன். கருவை எடுத்து வெட்டறேன். கம்ப்யூட்டர் வேலைன்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

மாமி தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டாள். அவை வேறு யாருடையவோ போல.

"இந்தக் கையாலதானே மறுநாள் பெருமாளுக்குத் தளிகை பண்ணினேன்."

"கோதா..." என்றார் ரங்கநாதன்.

"நீங்க பேசாதேள்." மாமி பூமாவைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள். "தெரிஞ்சுதானே கொண்டு வந்தேள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோன்னோ? நான் கிட்டவே போயிருக்க மாட்டேன். அது பாட்டுக்கு மணல்லயே இருந்திருக்கும். இந்தப் பொண்ணோட படிப்பும் பிழைச்சிருக்கும். உங்க மடி ஆசாரமும் பிழைச்சிருக்கும்."

வராந்தாக்களை அமைதியாக்கும் மனிதர் தன் வீட்டு வாசலில் அமைதியாக நின்றார்.

"கமிட்டின்னா யாரு? நான் வந்து சொல்லணுமா?" என்று கேட்டாள் மாமி. "சொல்றேன். எடுத்து வச்சது நான், அதை நான்தான் சொல்லணும். அதுக்கு முன்னாடி தீர்த்தமாடிட்டு வரேன். எத்தனை சொம்புன்னு தெரியலை."

உள்ளே போய்விட்டாள்.

ரங்கநாதன் இடுப்பிலிருந்து போனை எடுத்தார்.

"ரெஜிஸா? நான்தான். நாளைக்கு முடிவு கிடையாது... இல்லை, ஒத்திவைப்பு இல்லை, சோதனையே செல்லாது. முட்டை என் பொறுப்புல இருந்தப்போ சூடு பட்டிருக்கு. தப்பு என்னோடது, அப்படியே எழுதிடறேன். தலைவர் ஸ்தானத்துலேர்ந்தும் விலகிடறேன், வேற யாரையாவது போடட்டும். மறுபடி வைக்கணும். நேரத்தைப் பாத்து வெட்டாதே. முதுகு முடிச்சை எண்ணித்தான் வெட்டணுமாம். பூமா பக்கத்துல நின்னு எண்ணுவா. ஆமாம், உள்ளேயே நிப்பா."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்.

"என் கணக்கு தப்பிடுச்சு" என்றார் ஷரபுன்னிசா, பெட்டியை எடுத்துக்கொண்டே. "ஆளைத் தப்பா பிடிச்சுட்டேன்."

"பரவாயில்ல மேடம். பூனையை இன்னும் விசாரிக்கலை."

"வாடா." வாசலில் நின்று பூமாவைத் திரும்பிப் பார்த்தார். "மேல போம்மா. அதை நாங்க கூட வந்து செய்ய முடியாது."

பூமா படியேறினாள். ஒவ்வொரு படியும் அவளைப் பிடித்து நிறுத்தி விசாரித்தது. அம்மா கதவுக்குக் குறுக்கே நின்றிருந்தாள். வழி விடவில்லை.

"நாலு வருஷமா காலேஜ்லேர்ந்து வந்து, நேரா உள்ள நுழையறே."

"ஆமாம்மா."

"ஒரு நாளாவது குளிச்சியா?"

"இல்லைம்மா."

அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. கீழே மாமி சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மறுபடி வைக்கப் போறாளாமே. நாளைக்கும் அதைத் தொடுவியா?"

பூமா பொய் சொல்லவில்லை.

"தொடுவேம்மா."

அம்மா கொடியிலிருந்து துண்டை உருவி அவள் தோளில் போட்டாள்.

"பின்னாடி வாளியில தண்ணி இருக்கு. தலைக்குக் குளிச்சுட்டு உள்ள வா. நாளைக்கும் குளி."